குமரியும் சிசிலியும்: மலை, கடல், மறந்துபோன தெருக்கள்

 

கோடை விடுமுறையும் பெருநாள் விடுமுறையும் வந்துவிட்டால் நாகர்கோவிலிலிருந்து குமரி முனைக்குச் செல்லும் சாலை வெளியூர் வாகனங்களால் நிரம்பிவிடும். காலையில் சூரிய உதயம், பிறகு படகில் பாறை, பிற்பகலில் திற்பரப்பு அருவி, மாலையில் முட்டம் அல்லது சொத்தவிளைக் கடற்கரை என்று ஒரே நாளில் பார்த்து முடிக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை தன் நெடும் பயணத்தை முடிக்கும் இடமும், ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளக் கடற்கரையும், பழைய வேணாட்டின் தலைநகரங்களும் ஒரு சிறிய மாவட்டத்துக்குள் அடங்கியிருப்பது அல்லாஹ் இம்மண்ணுக்கு அளித்த கொடை.

மலை, கடல், தொன்மையான ஊர்கள் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் காட்டி உலகத்தைத் தன்பால் இழுக்கும் நிலப்பகுதிகளில் இத்தாலியின் சிசிலித் தீவும் ஒன்று. அத்தீவின் வரலாற்றுக்கும் இஸ்லாமிய வரலாற்றுக்கும் ஆழ்ந்த தொடர்பு உண்டு. அதை அறிந்துகொண்டு நம் குமரி மாவட்டத்தைத் திரும்பிப் பார்த்தால், நம் கையில் எஞ்சியிருப்பது எது, கை நழுவிக்கொண்டிருப்பது எது என்பது விளங்கும். அந்நோக்கத்தோடு இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பயணம் ஓர் இபாதத் ஆகும்போது

பூமியில் பயணம் செய்து, படைப்பு எவ்வாறு தொடங்கியது என்பதையும் முன் வாழ்ந்த சமூகங்களின் முடிவு என்னவாயிற்று என்பதையும் காணுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் மனிதனை ஏவுகிறது. பார்ப்பதோடு நிறுத்திவிடாமல் படிப்பினை பெறுமாறும் அது கூறுகிறது. பயணிக்குத் தொழுகையைச் சுருக்கவும் சேர்க்கவும் மார்க்கம் சலுகை அளித்தது. வழிப்போக்கருக்கு ஸகாத்தில் ஒரு பங்கை ஒதுக்கியது. விருந்தினரைக் கண்ணியப்படுத்துவதை ஈமானோடு இணைத்தது. ஒரேயொரு ஹதீஸைக் கேட்பதற்காக மாதக்கணக்கில் பயணம் செய்த இமாம்களின் வரலாறு நம் மதரசாக்களில் இன்றும் பாடமாக நடக்கிறது. 'ரிஹ்லா' என்னும் பயண நூல் வகையை முஸ்லிம் அறிஞர்கள் பெரிதும் வளர்த்தெடுத்ததற்கு இதுவே அடிப்படை.

1325-இல் தஞ்சாவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா, நமக்கு அருகிலுள்ள கொல்லத்துக்கும் வந்தார். உலகின் சிறந்த துறைமுகங்கள் என்று அவர் எண்ணியவற்றுள் அலெக்சாந்திரியா, கள்ளிக்கோட்டை ஆகியவற்றோடு கொல்லமும் இடம்பெற்றுள்ளது. அவருக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்னர் ஸ்பெயினிலிருந்து ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பிய இப்னு ஜுபைர், கப்பல் உடைந்து சிசிலியில் கரை ஒதுங்கினார். அந்தத் தீவு அவருக்குக் காட்டியதை இனிக் காண்போம்.

சிசிலி: ஒரு தீவின் கதை

சிசிலி ஏறத்தாழ 25,700 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. அதன் கிழக்கே 3,300 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் எட்னா எரிமலையில் குளிர்காலத்தில் பனி படிந்திருக்கும். அதே நேரத்தில் உச்சியிலிருந்து புகை எழும். மலையடிவாரத்திலிருந்து சிறிது தொலைவில் கடற்கரை. கடலைப் பார்த்தபடி குன்றின்மேல் தாவோர்மினா நகரம். 1787-இல் செருமானியக் கவிஞர் கதே இத்தீவைச் சுற்றிப் பார்த்து எழுதிய பயணக் குறிப்புகள், பின்னாளில் வட ஐரோப்பியர் பலரை இங்கு வரச்செய்தன. ஐரோப்பாவின் புகழ்பெற்ற சுற்றுலா நிலங்களுள் ஒன்றாகச் சிசிலி ஆனது இவ்வாறுதான்.

இத்தீவுக்கு இஸ்லாம் வந்தது கி.பி. 827-இல். கைரவானின் காழியும் மாலிக்கி மத்ஹபின் பேரறிஞருமான அசத் இப்னுல் ஃபுராத் (ரஹ்) தலைமையில் வந்த படை மசாரா கரையில் இறங்கியது. அப்போது அவருக்கு வயது எழுபதை ஒட்டியிருந்தது. மறு ஆண்டே சிராக்கூசா முற்றுகையின்போது அவர் மறைந்தார். 831-இல் பலெர்மோ நகரம் முஸ்லிம்களின் கைக்கு வந்து தலைநகரமாயிற்று. 902-இல் தாவோர்மினாவும் வீழ்ந்தது.

ஆட்சியோடு வேளாண்மையும் மாறியது. எலுமிச்சை, நாரத்தை, கரும்பு முதலிய பயிர்களும் நீரைத் தேக்கிப் பாய்ச்சும் முறைகளும் அங்கு வேரூன்றின. தோட்டத்து நீர்த்தொட்டியைச் சிசிலியர் இன்றும் 'ஜெப்பியா' என்கின்றனர். அது 'ஜாபியா' என்னும் அறபுச் சொல். எலுமிச்சை, ஆரஞ்சு மலருக்கு அவர்கள் வழங்கும் 'ஸாகரா' என்னும் பெயர் 'ஸஹ்ர்' என்பதிலிருந்து வந்தது. எட்னாவின் இன்னொரு பெயர் 'மொஞ்சிபெல்லோ'. அதன் முற்பகுதி மலையைக் குறிக்கும் இத்தாலியச் சொல். பிற்பகுதி 'ஜபல்' என்னும் அறபுச் சொல். 'மலைமலை' என்று இரண்டு மொழியில் அழைக்கிறார்கள்! மர்சாலா என்னும் ஊர்ப்பெயரில் 'மர்ஸா' என்னும் துறைமுகமும், கல்தானிசெத்தா என்பதில் 'கல்அத்' என்னும் கோட்டையும், அல்காந்தரா ஆற்றின் பெயரில் 'கன்தரா' என்னும் பாலமும் ஒலிக்கின்றன.

973-இல் பலெர்மோவுக்கு வந்த பயணி இப்னு ஹவ்கல், அந்நகரில் 300-க்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் இருந்ததாக எழுதினார். அங்குள்ள மக்தப் ஆசிரியர்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழ 300 என்று கூறிவிட்டு, அவர்களைக் கடுமையாக ஏளனமும் செய்திருக்கிறார். ஓர் ஆசிரியனாக அப்பகுதியைப் படிக்கும்போது எனக்குச் சற்றுச் சிரிப்பும் வந்தது, சற்று அச்சமும் வந்தது. ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு எதைக் கற்பித்தது என்பதையும் வரலாறு எழுதி வைத்துவிடுகிறது அல்லவா?

1061 முதல் 1091 வரை நார்மானியர் தீவைக் கைப்பற்றினர். ஆயினும் முதல் நூறு ஆண்டுகளில் அவர்கள் முஸ்லிம் அறிவையும் கைத்திறனையும் விட்டுவிடவில்லை. அரசர் இரண்டாம் ரோஜர் வேண்டிக்கொள்ள, செப்தாவில் பிறந்த அறிஞர் அல்-இத்ரீஸி 1154-இல் உலகப் புவியியல் நூல் ஒன்றை முடித்தார். தொலைநிலங்களைக் கடந்து செல்ல விழைவோரின் இன்பம் என்பது அதன் தலைப்பின் பொருள். அதனோடு உலகப் படம் பொறித்த பெரிய வெள்ளித் தட்டு ஒன்றும் செய்யப்பட்டது. பின்னர் எழுந்த கலவரத்தில் வெள்ளித் தட்டு அழிந்தது. ஏட்டில் எழுதிய நூலோ இன்றும் இருக்கிறது. இதை நினைவில் கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

1184 டிசம்பரில் மெசினா அருகே கப்பல் உடைந்து கரையேறிய இப்னு ஜுபைர், அறபு அறிந்த அரசரையும், அரண்மனையில் பணிபுரிந்த முஸ்லிம்களையும், பலெர்மோவின் அழகையும் வியந்து எழுதினார். ஆனால் அந்த அழகுக்கு அடியில் இருந்த அச்சத்தையும் அவர் கண்டார். திராபானி நகரில் இருந்தபோது, ஒரு முஸ்லிம் தந்தை தம் மகளை ஹாஜிகளுள் எவரேனும் மணந்துகொண்டு, அல்லது வேறு தக்கவருக்கு மணமுடித்துக் கொடுத்து, முஸ்லிம் நாட்டுக்கு அழைத்துச் சென்றுவிடட்டும் என்று வேண்டிய செய்தியை அவர் பதிவு செய்துள்ளார். பெற்ற மகளை இனிக் காணவே முடியாது என்று தெரிந்தும் ஒரு குடும்பம் அந்த முடிவுக்கு வந்திருக்கிறது. சிசிலி முஸ்லிம்களின் எதிர்காலம் அவர்களுக்கே புலப்பட்டுவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அடுத்த நூற்றாண்டில் அரசர் இரண்டாம் ஃபிரெடெரிக், எஞ்சியிருந்த முஸ்லிம்களைத் தென் இத்தாலியின் லுச்சேரா நகருக்கு இடம்பெயர்த்தார். 1300-இல் அந்நகரக் குடியிருப்பும் அழிக்கப்பட்டு, மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர். கைரவான் காழி இறங்கிய நாளிலிருந்து ஐந்நூறு ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை.

இன்று? 2015-இல் பலெர்மோவின் அறபு-நார்மானியக் கட்டடங்களையும் செஃபாலு, மொன்ரியாலே பேராலயங்களையும் சேர்த்து ஒன்பது நினைவிடங்களை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 'அல்-அஸீஸா' என்னும் பெயரே திரிந்து 'ஸீசா' ஆன மாளிகையும், முஸ்லிம் தச்சுக் கலையின் முகர்னஸ் மேற்கூரை கொண்ட அரண்மனைச் சிற்றாலயமும் அவற்றுள் அடங்கும். பலெர்மோ பேராலயத்தின் முகப்புத் தூண் ஒன்றில் திருக்குர்ஆன் வசனம் பொறிக்கப்பட்டிருப்பதைச் சுற்றுலா வழிகாட்டிகள் வருவோருக்கெல்லாம் காட்டுகின்றனர். அழித்த சமூகத்தின் வழிவந்தவர்களே இன்று அழிக்கப்பட்டவர்களின் கைவேலையைப் பேணுகின்றனர்; அதனால் வருவாயும் பெறுகின்றனர். அசத் இப்னுல் ஃபுராத் இறங்கிய மசாராவிலோ, கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் மீன்பிடித் தொழிலுக்காக வந்த தூனிசிய முஸ்லிம் குடும்பங்கள் பழைய நகர்ப்பகுதியில் வாழ்கின்றன. இடையிலிருந்த அறுநூறு, எழுநூறு ஆண்டுகளுக்குக் கல்லும் சொல்லும் மட்டுமே சாட்சி.

குமரி: நீராடும் துறையிலிருந்து கண்ணாடிப் பாலம் வரை

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். குமரிக்குப் பயணிகள் வருவது புதிதன்று. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூலே, துறவு வாழ்வை மேற்கொள்வோர் இம்முனைக்கு வந்து நீராடுவர் என்று குறிப்பிடுகிறது. தாலமியின் புவியியலிலும் இவ்விடம் உண்டு. ஆக, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக இது பயணிகளின் இலக்கு.

நீராட வந்தவர்களின் இடம், காண வருபவர்களின் இடமாகவும் மாறியது கடந்த எழுபது ஆண்டுகளில்தான். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்து மாவட்டம் ஆயின. காந்தியடிகளின் அஸ்தி கரைக்கப்படும் முன் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்த இடத்தில் காந்தி மண்டபம் எழுந்தது. 1970-இல் விவேகானந்தர் பாறை நினைவகம் திறக்கப்பட்டது. 1979-இல் ரயில் பாதை முனை வரை வந்தது. 2000 ஜனவரி 1-இல் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையும், 2024 டிசம்பர் 30-இல் பாறைக்கும் சிலைக்கும் இடையே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலமும் திறக்கப்பட்டன. அஸாமின் திப்ருகரிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவரும் விவேக் விரைவு ரயில் நிற்கும் கடைசி நிலையம் நம்முடையது.

முனையைத் தாண்டி உள்ளே வந்தால், தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை. மரத்தால் இழைத்த அந்த அரண்மனை 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராய் இருந்த கோட்டைக்குள் நிற்கிறது. நிலம் தமிழ்நாட்டினுடையது, அரண்மனையைப் பேணுவதோ கேரள அரசின் தொல்லியல் துறை. 1956-இன் எல்லைப் பிரிவினை விட்டுச்சென்ற விந்தை இது. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் அரண்மனை இடம்பெற்றுள்ளது. அருகில் உதயகிரிக் கோட்டை. 1741-இல் குளச்சல் போரில் டச்சுப் படையை மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தபோது பிடிபட்டு, பின் அவருடைய படைக்கே தளபதியான டிலனாயின் கல்லறை அங்குள்ளது. குழித்துறைக்கு அருகே சிதறால் குன்றில் 9-ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள். பரளியாற்றின் குறுக்கே 115 அடி உயரத்தில் நீரைச் சுமந்து செல்லும் மாத்தூர் தொட்டிப்பாலம். கோதையாற்றின் நீரைத் தேக்கி 1906-இல் நிறைவுபெற்ற பேச்சிப்பாறை அணை. நாஞ்சில் நாட்டின் வயல்கள் அந்நீரால்தான் செழித்தன.

என்னிடம் ஓதும் பிள்ளைகளிடம் ஒரு நாள், "வெளியூர் உறவினர் வந்தால் நம் மாவட்டத்தில் எந்த இடங்களைக் காட்டுவீர்கள்?" என்று கேட்டேன். பாறை, சிலை, அருவி, தொட்டிப்பாலம், அரண்மனை என்று வரிசையாகச் சொன்னார்கள். நல்ல விடைகளே. ஆனால் தங்கள் வாப்பாவும் உம்மாவும் பிறந்த ஊர்களுள் ஒன்றைக்கூட ஒரு பிள்ளையும் சொல்லவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள் 18.7 இலட்சம் பேர். அவர்களுள் முஸ்லிம்கள் நூற்றுக்கு நான்கு பேர் அளவே. தொகை சிறிது, வரலாறு சிறிதன்று.

நம் தெருக்கள் சொல்வது

கி.பி. 849-இல் வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள், கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்னும் கிறித்தவ ஆலயத்துக்கு உரிமைகள் வழங்கிச் செப்பேடு பொறித்தார். அதில் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்கள் குறிப்பிடப்படுகின்றன. சாட்சிகளின் கையொப்பங்கள் கூஃபி அறபு எழுத்திலும், பஹ்லவியிலும், எபிரேயத்திலும் உள்ளன. ஓர் ஆலயத்தின் உரிமைக்கு முஸ்லிம் வணிகர்கள் சாட்சியாக நின்றிருக்கிறார்கள். கடல் கடந்து வந்த மேற்கு ஆசிய வணிகர்களின் குழுவான அந்த அஞ்சுவண்ணத்தின் பெயர், ஆயிரத்து நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் கடந்தும் தக்கலை முஸ்லிம்களிடையே வழங்குகிறது. வேறு எந்த நினைவுத் தூணும் அப்பெயருக்கு இல்லை. மக்களின் நாவே அதைக் காத்தது.

தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தருகே தேங்காய்ப்பட்டணம். அங்குள்ள கருங்கல் பள்ளிவாசல் மாலிக் இப்னு தீனாரின் வழிவந்தோர் காலத்தது என்பது ஊர் மரபு. மரபை மதிப்போம், அதே நேரம் நம் உலமாக்கள் காட்டிய நிதானத்தையும் மறவாதிருப்போம். 16-ஆம் நூற்றாண்டில் ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' எழுதியபோது, மாலிக் இப்னு தீனார் குழுவினர் கட்டிய பள்ளிகளைக் கொடுங்கல்லூர், கொல்லம் என்று பெயர் சொல்லி வரிசைப்படுத்தினார். தேங்காய்ப்பட்டணம் அவ்வரிசையில் இல்லை. மேலும், அந்நிகழ்ச்சி ஹிஜ்ரி 200-க்குப் பிறகே நடந்திருக்கக்கூடும் என்பது அவருடைய கருத்து. நம் ஊரின் பெருமைக்கு இதனால் குறைவில்லை. கொல்லத்திலிருந்து தெற்கே வந்த மரக்கலங்கள் தேங்காய்ப்பட்டணம், குளச்சல் ஆகிய துறைகளைக் கடந்தே குமரி முனையைச் சுற்றிக் காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் சென்றன. இரண்டு கடற்கரை முஸ்லிம்களையும் இணைத்த வழி நம் ஊர்களின் வாசல்.

இதே தேங்காய்ப்பட்டணத்தில் 1944-இல் பிறந்தவர் தோப்பில் முஹம்மது மீரான். மலையாள வழியில் கல்வி கற்ற அவர், தம் ஊர் முஸ்லிம்களின் பேச்சையும் வாழ்வையும் தமிழ் நாவலாக்கினார். 'சாய்வு நாற்காலி' 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அவருடைய எழுத்தில் நம் சமூகத்தைப் பற்றிய கடிந்துரை உண்டு. எல்லாருக்கும் உடன்பாடாகவும் இராது. ஆனால் அந்த ஊரின் வாசலும் கடலும் வழக்குச் சொற்களும் அழியாமல் ஏட்டில் ஏறின.

தக்கலையில் அடங்கியிருக்கும் பீர் முஹம்மது அப்பா (ரஹ்) தென்காசியில் பிறந்து, மலைநாட்டில் தங்கி, பின் இங்கு வந்து நெசவு செய்து வாழ்ந்தார் என்பது மரபு. கேரளத்தின் பீருமேடு அவர் பெயரால் அமைந்தது என்றும் சொல்வர். 'ஞானப்புகழ்ச்சி', 'ஞானமணிமாலை' முதலிய அவருடைய பாடல் நூல்கள் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் செல்வங்கள். ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் ஞானப்புகழ்ச்சி இரவு முழுவதும் ஓதப்படுகிறது. தர்கா நடைமுறைகளில் நம்மிடையே கருத்து வேறுபாடுகள் இருக்கின்றன. அவை வேறு இடத்தில் பேசவேண்டியவை. தறியில் அமர்ந்த ஒருவர் மெய்ஞ்ஞானத்தைத் தமிழில் பாடினார் என்பதும், அதை ஓர் ஊர் தலைமுறை தலைமுறையாய் மனத்தில் ஏந்திவருகிறது என்பதும் எவரும் மறுக்க முடியாத வரலாறு.

நாகர்கோவில் கோட்டாற்றை ஒட்டிய இடலாக்குடிக்கு வாருங்கள். 1874-இல் அங்குப் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே நேரத்தில் நூறு செய்திகளை நினைவில் நிறுத்தி விடையளிக்கும் சதாவதானத்தை நிகழ்த்தினார். சீறாப்புராணத்துக்கு உரை எழுதினார். 1950-இல் மறைந்த அவருக்கு 2008-இல் அஞ்சல் துறை தலை வெளியிட்டது. அவர் பிறந்த தெருவின் வழியாகக் குமரிக்குச் செல்லும் நம் குடும்பங்களுள் எத்தனை பேர் வண்டியின் வேகத்தைக் குறைத்துப் பிள்ளைகளுக்கு அத்தெருவைக் காட்டியிருப்போம்?

இருப்பதும் இல்லாததும்

இப்போது இரண்டு நிலங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சிசிலியில் முஸ்லிம் சமூகம் வேரோடு அகற்றப்பட்டது. அதன் கைவேலைகள் காக்கப்படுகின்றன. குமரியில் அல்லாஹ்வின் அருளால் நாம் இருக்கிறோம். ஐவேளை பாங்கு ஒலிக்கிறது. அண்டை வீட்டு இந்து, கிறித்தவ மக்களோடு கொடுக்கல் வாங்கலும் திருமண விருந்துமாக வாழ்கிறோம். ஆனால் நம் முன்னோரின் கைவேலைகளை நாமே அகற்றிவருகிறோம்.

இதை எவரையும் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. ஜும்ஆவுக்கு இடம் போதவில்லை, மழை ஒழுகுகிறது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள், புதுப்பள்ளி கட்டலாம் என்று ஜமாஅத் முடிவெடுக்கிறது. தேவை உண்மையானது; நிய்யத்தும் தூய்மையானது. ஆனால் கட்டும் நாளில் முதலில் போவது பழைய கல்தூணும், மர வேலைப்பாடு மிக்க மிம்பரும், ஹவுளும்தான். வாசலுக்கு மேலிருந்த எழுத்துப் பொறித்த கல், படிக்கட்டுக் கல்லாகவோ கல்லுடைப்பவர் வண்டியிலோ போய்ச் சேரும். மையவாடியைச் சீர்செய்யும்போது பழைய மீஸான் கற்கள் ஒரு மூலையில் குவியும். பரணில் கிடந்த அறபுத்தமிழ்க் கிதாபுகள், கண்ணியம் கருதி எரிக்கப்படும் அல்லது புதைக்கப்படும். ஒரு முறை புரட்டிப் பார்க்கக்கூட ஆள் இராது.

நாளை எவரேனும் "நீங்கள் எப்போது வந்தீர்கள்?" என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், எதைக் காட்டுவார்கள்? ஆயிரம் ஆண்டு மரபு வாயில் இருக்கும். கையில் காட்ட முப்பது ஆண்டுக் கான்கிரீட் மட்டுமே இருக்கும். சிசிலியில் ஒரே ஒரு தூணில் இருக்கும் ஒரு வசனம், அழிந்துபோன ஒரு சமூகம் அங்கு வாழ்ந்தது என்பதற்கு இன்றும் சாட்சி கூறுகிறது. ஒரு கல்லின் மதிப்பு அது.

இடமும் வேண்டும், பழமையும் வேண்டும் என்றால் வழி இல்லையா? உண்டு. கொடுங்கல்லூர் சேரமான் ஜும்ஆ பள்ளியில், பிற்காலத்தில் சேர்த்த கான்கிரீட் பகுதிகளை அகற்றிப் பழைய உருவத்தை மீட்டனர். கூடுதல் இடத்தை நிலத்துக்கு அடியில் அமைத்தனர். 1510-இல் போர்த்துகீசியர் தீயிட்ட கள்ளிக்கோட்டை மிஷ்கால் பள்ளியைச் சீர்செய்து, மர அடுக்குகளோடு அதே தோற்றத்தில் இன்றும் தொழுதுவருகின்றனர். உள்பள்ளியைத் தொடாமல் சுற்றிலும் விரிவாக்குவது செலவிலும் பெரும்பாலும் குறைவே.

நம்மால் ஆகக்கூடியவை

முதலாவதாக, பதிவு செய்வோம். ரோஜரின் வெள்ளித் தட்டு அழிந்ததையும் இத்ரீஸியின் ஏடு பிழைத்ததையும் மேலே கண்டோம். ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு இளைஞர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு பழைய பள்ளியின் தூண், கதவு, கல்லெழுத்து, மீஸான் கல் ஆகியவற்றைப் படமெடுத்து, எந்த இடத்தில் இருந்தது என்று குறித்து வைத்தால் போதும். ஊரின் முதிய ஆண்களிடமும், குறிப்பாகப் பெண்களிடமும், பழைய வழக்கங்களைக் கேட்டு ஒலிப்பதிவு செய்யலாம். தாலாட்டும் மாப்பிள்ளைப் பாட்டும் அவர்களோடு போய்விடக் கூடாது.

இரண்டாவதாக, பள்ளியை இடிக்கும் முன் தொல்லியல் அறிந்த ஒருவரை அழைத்துக் காட்டுவதை ஜமாஅத்தின் வழக்கமாக்குவோம். வக்ஃபு என்பது நம் தலைமுறையின் சொத்து மட்டுமன்று. வரப்போகிறவர்களுக்கும் அதில் உரிமை உண்டு.

மூன்றாவதாக, நம் குடும்பச் சுற்றுலாவில் நம் ஊர்களையும் சேர்ப்போம். பஜ்ருக்குப் பின் குமரிக் கடற்கரையில் உதயம் கண்டு, இடலாக்குடியில் பாவலரின் தெருவைப் பார்த்து, பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்லலாம். திங்கட்கிழமை அதற்கு விடுமுறை என்பதை நினைவில் கொள்ளுங்கள். தக்கலையில் லுஹர் தொழுது, வேணாட்டின் பழைய தலைநகரான திருவிதாங்கோட்டையும், குளச்சலில் போர் வெற்றித் தூணையும் கண்டு, தேங்காய்ப்பட்டணத்தில் அஸரும் மஃரிபும் தொழுது திரும்பலாம். உள்ளூர்வாசிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இவ்வழி முழுவதும் 80 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுவதால், நம் ஷாஃபிஈ மத்ஹபின்படி கஸ்ருக்கு இடமில்லை, முழுமையாகவே தொழ வேண்டும்.

நான்காவதாக, வருகிறவர்களை விருந்தினராக நடத்துவோம். பள்ளியின் ஒளுச் செய்யும் இடத்தையும் கழிவறையையும் தூய்மையாக வைப்பதும், பெண்கள் தொழ ஓர் இடம் ஒதுக்குவதும், வாசலில் ஊர் வரலாற்றை நான்கு வரியில் எழுதி வைப்பதும் பெரும் செலவுள்ள காரியங்கள் அல்ல. பிற சமயத்துப் பயணி ஒருவர் பள்ளியைப் பார்க்க விரும்பினால் இன்முகத்தோடு விளக்கம் சொல்லும் ஒருவர் இருக்கட்டும். அதே போல, நாம் பிறருடைய தலங்களுக்கும் கடற்கரைகளுக்கும் போகும்போது குப்பையை விட்டுவராமல், ஒழுங்கோடு நடந்துகொள்வோம். பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்க, பாதையில் தொல்லையைப் போட்டுவிட்டு வருவது நமக்கு அழகன்று.

திராபானியில் மகளை அந்நியரிடம் ஒப்படைக்கத் துணிந்த அந்தத் தந்தைக்குத் தம் ஊரில் தம் தீனோடு வாழும் வாய்ப்பு மிஞ்சவில்லை. நமக்கு அந்த வாய்ப்பை அல்லாஹ் இன்றும் நிறைவாக வைத்திருக்கிறான். அதற்கு நன்றி செலுத்துவது நாவால் மட்டும் முடிவதன்று. முன்னோர் விட்டுச்சென்ற கல்லையும் ஏட்டையும் சொல்லையும் நம் பிள்ளைகளின் கையில் சேதமின்றி ஒப்படைப்பதும் அந்த நன்றியில் அடங்கும். அதற்கான அறிவையும் உறுதியையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.